புரட்டாசித் தார்ப்பாய்

செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு வானிலை அறிக்கை எல்லாம் பிறகுதான். சிந்தாமணியின் வெங்காயப் பட்டறையைப் பார்த்தால் போதும். காற்றுப் போக மூங்கில் அடித்து, மேலே கீற்று வேய்ந்த அந்தப் பட்டறையில்தான் ஐப்பசி நடவுக்கான விதை வெங்காயம் கிடக்கும். மழைக்குப் பயந்து அவள் என்றைக்குப் பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டுகிறாளோ, அன்றைக்கு ஊரே கட்டும். முப்பது வருஷத்தில் ஒரு தடவை பிசகியதில்லை. அந்தத் திமிரும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இல்லாமலா?

இந்த வருஷமும் புரட்டாசி முதல் தேதியே கட்டிவிட்டாள். வெயில் இந்தக் கொளுத்துக் கொளுத்துகிறதே, நாலு நாள் பொறுக்கலாமே என்று புருஷன் சாமிதுரை இழுத்துப் பார்த்தார். மாசம் பிறந்தால் மழை வந்துதானே ஆக வேண்டும் என்று அவள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

மழையாவது மண்ணாவது! டிவியில் நூற்று நான்கு டிகிரி என்றார்கள், இந்தப் பக்கம் புரட்டாசியில் இதுவரை பதிவானதே இல்லை என்றார்கள். மத்தியானத்தில் ஆடுகூட நிழலை விட்டு நகரவில்லை. சாயங்காலமானால் மட்டும் கிழக்கே கருக்கும். தார்ப்பாயை அவிழ்த்தால் நனைந்து அழுகும், அவிழ்க்காவிட்டால் வெந்து அழுகும். அவள் யோசித்து முடிப்பதற்குள் மேகம் கலைந்துவிடும். தினமும் இதே கூத்து.

பன்னிரண்டாம் நாள் நாற்றம் வந்தது. தார்ப்பாயை விலக்கி உள்ளே கையை விட்டாள். சூடு, பிசுபிசுவென்று ஈரம். அள்ளியதில் பாதி கூழாகியிருந்தது. நம் கையாலேயே வேகவைத்துவிட்டோமே என்று கையை உதறினாள். மீதியும் போனால் ஐப்பசியில் நடவே கிடையாது. கயிற்று முடிச்சில் கை வைத்தாள். கிழக்கே அன்றைக்கும் கருத்துக்கொண்டுதான் நின்றது. கை முடிச்சிலேயே இருந்தது.

அப்போதுதான் பக்கத்து வெங்காயக் காட்டு வேணி மூச்சிரைக்க வந்தாள்.

"அக்கா, நீ கட்டுனதப் பாத்துத்தான் நாங்களும் கட்டுனோம். எங்க பட்டறையும் நாறுது. அவுக்கட்டுமா, வேணாமா?"

சிந்தாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேணி மேலா, வானத்தின் மேலா, தன் மேலேயா என்றுதான் புரியவில்லை. முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள்.

"எனக்குத் தெரியலடி."

வேணி போகவில்லை. வேறு யாரிடம் போய்க் கேட்பதென்று அவளுக்கும் தெரியவில்லை.