நைனா மாட்டிய ஸ்டார்ட்டர்

மருமகள் மாம்பழக் கூடையைத் திறந்ததும் கார்பைடு கல்லின் வாடை குப்பென்று அடித்தது. எனக்கு அது என் நைனாவின் கை வாடை.

ராயபுரத்தில் ஒரு முதலாளியின் மோட்டார் காருக்கு நைனா கிளீனர். ஹேண்டில் சுற்றி இஞ்சினைக் கிளப்புவார். பொழுது சாய்ந்தால் பித்தளை விளக்குகளில் இதே கார்பைடு கல்லும் தண்ணீரும் போட்டு ஏற்றுவார். வழியெல்லாம் ரப்பர் ஹாரனைப் பிழிவார். அதிலேயே அவருக்கு அத்தனை மிடுக்கு.

பக்கத்து பங்களாவுக்குப் புதுக் கார் வந்ததும் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. பழைய காருக்கே கரண்ட் விளக்கு, கரண்ட் ஹாரன், பட்டனை அழுத்தினால் கிளம்பும் ஸ்டார்ட்டர், ஓரமெல்லாம் நிக்கல் பட்டை. மெக்கானிக்கோடு சேர்ந்து நைனாவும் மாட்டினார்.

"பாரு மே, நம்ம வண்டி இப்போ புது வண்டி கணக்கா கீது" என்று அம்மாவிடம் பூரித்தார். தன் சோற்றில் மண் போடும் திருகாணிகளைத் தானே முறுக்கியிருக்கிறார் மனிதர்.

வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்தவரும் அவர்தான். டிரைவர் பட்டனை அழுத்தினார், இஞ்சின் உறுமியது. பழக்கதோஷத்தில் நைனா ஹேண்டிலோடு முன்னால் நின்றிருந்தார்.

"இனிமே உனக்கு என்ன வேலை இருக்கு, மன்னாரு? நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார் முதலாளி, சிரித்துக்கொண்டே. கழற்றிய விளக்கொன்றை இனாமாகக் கொடுத்தார்.

"இதுக்குப் போட கல்லு யாருய்யா குடுப்பா?" என்றாள் அம்மா. நைனா விளக்கைத் துடைத்து மினுக்கினார். மறுநாளும் மினுக்கினார்.

மருமகள் பழத்துண்டை நீட்டினாள். வேண்டாம் என்றேன். அந்த விளக்கு எங்கள் வீட்டில் ஒரு நாளும் எரியவில்லை என்று அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?