அடுப்பேறாத காப்பி

உருட்டி முடித்த உருண்டையை உள்ளங்கையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் வைரக்கண்ணு மேஸ்திரி. தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நேரைப் பார்க்கிற அதே பார்வை. ஒரு பக்கம் லேசாக வயிறு தள்ளியிருந்தால் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி மறுபடியும் உருட்டுவார். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அரியலூரே கறிச்சோறு தின்றுவிட்டுக் குறட்டை விடும்போது, இவர் மட்டும் மொட்டைமாடிப் படிக்கட்டின் நிழலில் உட்கார்ந்து காப்பி உருண்டை பிடிக்கிறார். என் வீடு எதிர்வீடு. ஜன்னலைத் திறந்தால் இவர்தான் தெரிவார்.

செய்முறை, திருச்சியில் படிக்கும் மகள் கீதாஞ்சலி செல்போனில் அனுப்பியது. பிஸ்கட்டைப் பொடித்து, கோகோ தூள், வெண்ணெய், டின் பால், உடைத்த முந்திரி சேர்த்து, காப்பித்தூளைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றிப் பிசைந்து, உருட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் முடிந்தது. மகள் அதை ட்ரஃபிள் என்கிறாள். மேஸ்திரிக்கு அது கலவை. “பிஸ்கட்டுதான் மணலு, கோகோ சிமெண்டு, முந்திரி ஜல்லி. தண்ணி மட்டும் கூடிடக் கூடாது சார். கூடுச்சுன்னா எந்தக் கொம்பன் வந்தாலும் நிறுத்த முடியாது” என்று எனக்கு வகுப்பெடுத்திருக்கிறார். பதம் பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கி, விரல்களை மெல்ல விரிப்பார். உதிராமல் நின்றால்தான் அடுத்த வேலை.

இத்தனையிலும் அடுப்புக்கு வேலையே இல்லை. வெண்ணெயைக் கைப்பிடிச் சுவர் மேல் ஐந்து நிமிடம் வைத்தால் உருகிவிடுகிறது. மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர். காப்பித்தூள் அதிலேயே கரைந்துவிடும். நம் ஊர் வெயிலைத் திட்டாத ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும். அடுப்பு இல்லாமல் செய்கிற பண்டத்தை அவர் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. தை மாதத்திலிருந்து அந்த வீட்டு அடுப்படியில் அவருக்கு அனுமதி இல்லை.

பொங்கல் சீர் கொண்டு வந்திருந்தார் அவர் மனைவி கமலவேணியின் அண்ணன் இளையபெருமாள். திருமானூர்க்காரர், நெல்லும் கரும்புமாக நன்றாக வாழ்கிறவர். கமலவேணி அண்ணனுக்கும் கணவருக்கும் காப்பி கொண்டு வந்து வைத்தார். மேஸ்திரி ஒரு வாய் குடித்துவிட்டு, “என்ன கமலா, சிமெண்ட் பாலாட்டம் இருக்கு” என்றார். சிமெண்டைத் தண்ணீரில் கரைத்துத் தளத்தின் மேல் ஊற்றுவார்களே, அது. அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்றோடு சரி, அடுப்படிக்குள் அவர் கால் வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. அந்த வீட்டில் காலையும் மாலையும் காப்பி மணக்கிறது, பால்காரருக்குக்கூட ஒரு டம்ளர் கிடைக்கிறது, மேஸ்திரிக்கு மட்டும் கிடையாது. சோறு உண்டு, குழம்பு உண்டு, பேச்சும் அளவோடு உண்டு.

குறை சொல்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. கல்யாண வீட்டில் மணமக்களை விட்டுவிட்டு மண்டபத்தின் கூரையைப் பார்ப்பார். ஒருமுறை துக்கம் கேட்கப் போன இடத்தில், மாலையைப் போட்ட கையோடு சுவரைத் தட்டிப் பார்த்து, பூச்சு உள்ளே பிடிக்கவில்லை என்று இறந்தவரின் மகனிடம் சொன்னவர். வீட்டில் காப்பி நின்றதும் முக்கு டீக்கடைக்குப் போய்ப் பார்த்தார். நான்காம் நாள் கடைக்காரரே அவரை வேறு கடை பார்க்கச் சொல்லிவிட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை தப்பு என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் தப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து அடுத்தவன் கட்டிய சுவரைப் பற்றித்தான் வரும்.

முதல் தடவை செய்த உருண்டைகளின் கதி எனக்குத் தெரியும். ஃபிரிட்ஜில் வைத்தவர், கட்டடப் பழக்கத்தில் அவற்றின் மேல் ஈரத்துணி போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்திருக்கிறார். புதுச் சுவருக்குச் செய்கிற க்யூரிங்காம். மூன்றாம் நாள் தட்டில் கூழ்தான் இருந்தது. இப்போது நன்றாகத் தேறிவிட்டார். வேலையிடத்துக்குக் கொண்டு போய்க் கொடுக்கிறார். சித்தாள் பூங்காவனம் மரியாதையாகக் கையில் வாங்கி, இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டுமா, பின்னாலா என்று கேட்டதாகக் கேள்வி.

ஞாயிறுதோறும் இரண்டு உருண்டைகளைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டு அடுப்படி வாசலில் வைப்பார். கமலவேணி அதற்கு எறும்பு ஏறாமல் ஒரு தட்டைப் போட்டு மூடுவார். மாலையில் கிண்ணம் அப்படியே ஃபிரிட்ஜுக்குத் திரும்பும். ஐம்பத்தாறு வயது மனிதர், இருபது பேரை வேலை வாங்குகிறவர், அந்தக் கிண்ணத்தைத் திறந்து எண்ணிப் பார்ப்பதைக் காணப் பாவமாக இருக்கும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவர் மனைவி கையால் ஒரு டம்ளர் காப்பி, அவ்வளவுதான்.

போன வாரம் இளையபெருமாள் பேரனின் காதுகுத்துப் பத்திரிகையோடு வந்தார். என் வீட்டுக் குளியலறை ஒழுகுவதைச் சொல்லப் போன நானும் அங்கே மாட்டிக்கொண்டேன். கமலவேணி இரண்டு டம்ளர் கொண்டு வந்தார். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. உண்மையைச் சொன்னால் காப்பி கொஞ்சம் தண்ணீர்தான். நான் ஆகா என்று சொல்லிக் குடித்தேன். மேஸ்திரி தன் உருண்டைத் தட்டை மச்சான் முன்னால் நகர்த்தினார்.

இளையபெருமாள் ஒன்றை வாயில் போட்டார், மென்றார், இன்னொன்றும் எடுத்தார். “மாப்ள, என் தங்கச்சி காப்பியவிட இது நல்லாருக்கே” என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ, வேண்டுமென்றே சொன்னாரோ, அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. ஏழு மாதத்தில் அந்த உருண்டைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. மேஸ்திரியின் முகம் ஒரு கணம் மலர்ந்தே விட்டது. பிறகு அடுப்படி வாசலைப் பார்த்தார்.

“இல்ல மச்சான். ஏழு மாசமா உருட்டிப் பாத்துட்டேன். அவ காப்பி ருசி இதுல வரல. அன்னிக்கு உங்க முன்னாடி நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கணும், தப்புதான்.”

சற்று நேரத்தில் கமலவேணி வந்தார். கையில் ஒரு டம்ளர். கணவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அண்ணனைப் பார்த்தபடியே, “ஆறிடப் போவுது” என்றார். ஆனால் உள்ளே போகவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டார்.

மேஸ்திரி இரண்டு கையாலும் டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். இடது புருவம் மேலே ஏறியது. பதினொரு வருடமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், அந்தப் புருவம் ஏறினால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இளையபெருமாளுக்கும் தெரியும். கமலவேணி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரியின் வாய் திறந்தது. அவருடைய கை தட்டுக்குப் பாய்ந்து, இருந்ததிலேயே பெரிய உருண்டையாக எடுத்து, திறந்த வாய்க்குள் முழுசாகத் திணித்தது.