சந்தனத்துக்கு அடியில் இருந்த எண்

2025 அக்டோபர் 4, சனிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து, இட்லி ஊற்றி, இரண்டு டப்பாக்களில் அடைத்தேன். 6.25க்குக் கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் கம்பெனி பஸ் ஏறினேன். வழக்கமான இடம், இடது பக்கம் நான்காவது வரிசை. சூளகிரி தாண்டும்போது 6.58. ஓசூர் தொழிற்பேட்டையில் கம்பெனி வாசலின் வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்தபோது 7.31. இவற்றை அன்றைய டைரிப் பக்கத்திலிருந்து அப்படியே எழுதுகிறேன். 7.31க்குப் பிறகு அந்தப் பக்கத்தில் கையெழுத்து மாறியிருக்கிறது.

எங்கள் கம்பெனி வண்டிகளுக்கான பிரேக் பாகங்கள் செய்கிறது. அதன் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. பதினாறு வருடங்களாகத் தனி ஆளாகப் பார்க்கிறேன். மொத்தம் 86 கம்ப்யூட்டர்கள். அவற்றில் ஓடிய பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அந்த மாதத்தோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும் என்பதால் எல்லாவற்றிலும் புதியதை ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஏற்றினால் மாதக்கணக்காகும். அதனால் ஒரு கம்ப்யூட்டரை நமக்கு வேண்டியபடி முழுதாகத் தயார் செய்து, அதை அப்படியே பிரதி எடுத்து, சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக மற்றவற்றுக்கு அனுப்புவோம். அந்தப் பிரதிக்கு இமேஜ் என்று பெயர். அது போய் இறங்கும் கம்ப்யூட்டர் முதலில் செய்யும் வேலை, தன்னிடம் இருக்கும் அத்தனையையும் அழித்துக்கொள்வது.

ஆகவே எனக்கு இரண்டு பட்டியல்கள் இருந்தன. அழிக்கலாம் என்பதில் 81. அவற்றின் கோப்புகளையெல்லாம் முந்தைய வாரமே சர்வரில் எடுத்து வைத்துவிட்டேன். தொடக்கூடாது என்பதில் 5. அந்த ஐந்தில் முதலாவது, மாடியில் இருக்கும் லேப் கம்ப்யூட்டர்.

லேபில் ஒரு பிரேக் லீவரை இரவும் பகலும் அழுத்தி விடுவிக்கும் ஒரு சோதனை மெஷின் மார்ச் முதல் தேதியிலிருந்து ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டவர் நாட்றாம்பாளையத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். தினமும், ஞாயிறு உட்பட, வந்து அன்றைய அளவுகளை ஒரு கோப்பாகச் சேமிப்பார். அந்தக் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் சேர்க்கக் கூடாது என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை. அதனால் அதிலிருந்து எதுவும் சர்வருக்கு வந்ததில்லை. செப்டம்பர் 30ஆம் தேதி சோதனை முடிந்தது. திங்கட்கிழமை வாடிக்கையாளரின் ஆட்கள் அளவுகளைப் பார்க்கக் கர்நாடக எல்லை தாண்டி வருவதாக இருந்தது. அளவுகள் இல்லையென்றால் சோதனையை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இன்னும் ஏழு மாதம்.

புதன்கிழமை ஆயுத பூஜை. எங்கள் ஆபீஸில் அன்று சிபியு பெட்டிகளையெல்லாம் கழற்றி முன்கூடத்துக்குக் கொண்டுவந்து, காற்றடித்து, ஈரத்துணியால் துடைத்து, வாழைக்கன்றுக்கும் சாமந்திச் சரத்துக்கும் நடுவே வரிசையாக நிறுத்துவார்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். நெற்றி என்று நான் சொல்வது முன்பக்கத்தின் மேல்பாகம். அடையாள எண் ஒட்டிய ஸ்டிக்கரும் அங்கேதான் இருக்கிறது. பூஜை முடிந்து பொரி வாங்கிய பிறகு, பெட்டிகளைத் திரும்பக் கொண்டுபோகும்போது ஹவுஸ்கீப்பிங் அக்கா என்னிடம் வந்து, எது எங்கே என்று கேட்டார். எல்லாம் ஒரே மாடல், ஒரே கறுப்பு. நான் கையில் சுண்டலோடு நின்றிருந்தேன்.

"ஸ்டிக்கர் இருக்குதுக்கா. இடத்துல வெச்சிருங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பூஜையில் வைத்ததை அன்று இயக்கக் கூடாது. வியாழனும் வெள்ளியும் விடுமுறை. ஆகவே சனிக்கிழமை காலை வரை எந்தப் பெட்டியையும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை 8 மணிக்கு முதல் மேசையில் குனிந்து எண்ணைப் பார்த்தேன். ஸ்டிக்கர் மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டலாம். சாமிக்கு வைத்ததை மூன்றாம் நாளே சுரண்டுவதா என்று கை நின்றது. பெட்டி எண்ணும் மேசை எண்ணும் ஒன்றுதானே, மேசையைப் பார்த்தால் போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு முறை சரிபார்க்காமல் அரிசி மூட்டைகூட வாங்காதவள் நான். அன்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

9.10க்கு மாடியில் 24 கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பினேன். பயிற்சி அறையின் பன்னிரண்டும் அதில் அடக்கம். 11.15க்கு எல்லாம் முடிந்து, இருபத்துநான்கு திரைகளிலும் ஒரே நீலம். 11.30க்குக் கீழ்த்தளத்தின் 30 கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பத் தொடங்கினேன். அது ஓடும் நேரத்தில், தொடக்கூடாத ஐந்தும் நலமா என்று பார்த்து வரலாமென்று லேபுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டேன். திரையில் சோதனை மெஷினின் படம் வர வேண்டும். ‘பயிற்சி 7’ என்று வந்தது.

என்ன நடந்திருக்கிறது என்பது புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின. லேபில் இருப்பது பயிற்சி அறையின் பெட்டி. அப்படியென்றால் லேபின் பெட்டி பயிற்சி அறையில் இருக்க வேண்டும். பயிற்சி அறை முழுவதையும் நான் அழித்து முடித்து இருபத்தைந்து நிமிடங்கள் ஆகியிருந்தன.

படியிறங்கி ஓடி, நெட்வொர்க் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். 11.42. கீழ்த்தளத்தில் எல்லாம் பாதியில் நின்றன. அதன் பிறகு லேப்காரருக்குப் போன் செய்தேன். அவர் ஊரில் ராகி வயலில் இருந்தார். பெட்டி மாறிவிட்டது, அளவுகள் போயிருக்கலாம், தப்பு என்னுடையது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஒரு மாடு கத்தியது கேட்டது.

"எதையும் தொடாதிங்க மேடம். வர்றேன்" என்றார். அஞ்செட்டி வந்து பஸ் பிடித்து அவர் ஓசூர் வந்து சேர மூன்று மணி ஆகிவிடும்.

அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. பயிற்சி அறையில் அழிந்துபோன பன்னிரண்டில் லேப் பெட்டி எது என்றாவது தெரிய வேண்டும். மதியம் இரண்டரைக்கு வேலைக்கு வந்த ஹவுஸ்கீப்பிங் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வீட்டில் தெலுங்கு, ஆபீஸில் தமிழ், வாசலில் செக்யூரிட்டியைத் திட்டும்போது கன்னடம். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான மேடம் எடுத்து வெச்சேன். என் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?"

இடத்தில் வைக்கச் சொன்னவளும் பார்த்துக்கொள்கிறேன் என்றவளும் நான்தான், அதை எழுதியே கொடுக்கிறேன் என்றேன். சந்தனத்தைத் துடைப்பது தப்பில்லையா என்றும் கேட்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீரும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்தார்.

"மொகம் கழுவிட்டு வேற பொட்டு வெச்சிக்கறதில்லியா நாம? அந்த மாதிரிதான்."

அவர் துடைப்பார். நான் எண்ணைப் படித்துப் பட்டியலில் குறிப்பேன். அவர் மடிப்பிலிருந்த பொட்டலத்திலிருந்து குங்குமம் எடுத்து, ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் புதிதாக வைப்பார். அப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஆறு பயிற்சி அறையின் எண்கள். ஏழாவது மேசைக்கு வந்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன். அவரையே படிக்கச் சொன்னேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். கடைசியில் எழுந்து பார்த்தேன். அது சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவின் பெட்டி, கீழ்த்தளத்தில் இருக்க வேண்டியது. மீதி ஐந்தும் பயிற்சி அறையுடையவையே.

ஆக, மாறியது இரண்டல்ல, மூன்று. பயிற்சிப் பெட்டி லேபுக்கு, டெஸ்பாட்ச் பெட்டி பயிற்சி அறைக்கு. அப்படியானால் லேப் பெட்டி டெஸ்பாட்சில். நான் பாதியில் நிறுத்திய கீழ்த்தளத்தில்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது 3.20. லேப்காரரும் அதே நேரத்தில் வந்தார். செருப்பில் செம்மண் அப்படியே இருந்தது. டெஸ்பாட்சில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஐந்தின் திரைகளில் இமேஜ் பாதியில் நின்ற செய்தி. மூலையில் இருந்த ஆறாவதில் கறுப்புத் திரை, மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. அவர் அதன் பின்புறம் கைவிட்டுத் தடவினார்.

"இதான் என்னுது. யாரும் பென்டிரைவ் சொருவக் கூடாதுன்னு ஓட்டைக்கு டேப் ஒட்டினேன். இருக்குது."

அவர் என்னைப் பார்த்தார். அந்த வெள்ளைக் கோட்டுக்கு என்ன பொருள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. சர்வரின் பதிவைப் பார்த்தேன். என் பட்டியலில் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் 11.38க்கு இமேஜ் கேட்டிருந்தது. கேட்டதற்குக் கிடைத்ததா, அழிப்பு தொடங்கியதா என்று அதில் இல்லை. அழிக்க ஒரு நிமிடம் போதும். நான் பிளக்கைப் பிடுங்க நான்கு நிமிடங்கள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி அதை இயக்கிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பதுதான் பத்திரம். பெட்டியை அவரே மாடிக்குத் தூக்கி வந்தார். நான் நான்கு திருகுகளைக் கழற்றி டிஸ்கை வெளியே எடுத்தபோது கர்நாடகா பக்கமிருந்து வந்த மழை இறங்கியது. ஒரு இடி. கரண்ட் போயிற்று. 4.05.

சனிக்கிழமைகளில் ஜெனரேட்டர் உற்பத்தி மெஷின்கள் ஓடும் ஷாப்புக்கு மட்டும்தான். யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும். சர்வரை முறையாக நிறுத்துவதிலேயே அது தீர்ந்தது. ஐந்து மணி வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மேசை மேல் அந்த டிஸ்க். டப்பாவில் மிஞ்சியிருந்த இரண்டு இட்லிகளை நீட்டினேன். ஒன்றை எடுத்துக்கொண்டார். ஏழு மாதத்தில் தன் பெண் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள், மெஷின் மட்டும் அதே லீவரை அழுத்திக்கொண்டிருந்தது என்றார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5.20க்கும் கரண்ட் வரவில்லை. டிஸ்கை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று வாசலில் கேட்டேன். செக்யூரிட்டி பாஸ் கேட்டார். கையெழுத்துப் போட மேலாளர் யாருமில்லை என்றேன்.

"சாமிக்கு வெச்ச பொருளா இருந்தாலும் பாஸ் வேணும் மேடம். நீங்க போட்ட ரூல்தான."

ஆமாம், நான் போட்டதுதான். திரும்பி வந்து டிஸ்கைத் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை லேப்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் இருந்தால் ராத்திரியே சுவர் ஏறிக் குதித்துவிடுவேன் என்றார். அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

வீட்டில் பழைய டைரிகளை இறக்கினேன். லேப் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து இமேஜ் வாங்க முடியாதபடி எப்போதோ ஒரு முறை அடைத்து வைத்ததாக ஒரு நினைவு. எழுதாமல் இருக்க மாட்டேன். நான்கு வருட டைரிகளில் லேப் என்ற சொல் வந்த இடங்களையெல்லாம் பார்த்தேன். கீபோர்டு மாற்றியது, மின்விசிறி மாற்றியது, எலி ஒயரைக் கடித்தது எல்லாம் இருந்தன. அது மட்டும் இல்லை. செய்து எழுதாமல் விட்டேனா, செய்யவே இல்லையா? என் டைரியை நம்பி நான் இத்தனை வருடம் வாழ்ந்ததில், அது பதில் சொல்லாத முதல் கேள்வி அது.

ஞாயிறு. கம்பெனி பஸ் இல்லை. 5.40 அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே போனேன். லேப்காரர் ஊருக்குத் திரும்பாமல் பாகலூரில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்திருக்கிறார். 7.05க்கு வாசலில் நான் இறங்கும்போது அங்கே நின்றிருந்தார். அதே செருப்பு, மண் மட்டும் கழுவப்பட்டிருந்தது. கரண்ட் இருந்தது.

முதல் வேலையாக, நின்றபடியே, பையைத் தோளில் மாட்டியபடியே, இழுப்பறையைத் திறந்து டிஸ்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். அது சுழலும் சத்தம் கேட்டது. திரையில் ஒரு ஃபோல்டர் வந்தது, அவர் வைத்த பெயரோடு. திறந்தேன். கீழே எண்ணிக்கை காட்டியது: 211.

மார்ச் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் 30 வரை 214 நாட்கள். இரவெல்லாம் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று குறைகிறது. அழிப்பு தொடங்கி, மூன்றைத் தின்ற பிறகு நின்றிருக்கிறதா? அவருக்கு எண்ணை விரலால் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். பட்டியலை மெதுவாகக் கீழே இறக்கி, ஜூன் மாதத்தில் நிறுத்தினார்.

"பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. மாமனார் காரியம் மேடம். நான் வர்ல."

கடைசிக் கோப்பைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அதிலிருந்த அளவுகளை உதடு அசையப் படித்து, தலையை ஆட்டினார். 211 கோப்புகளையும் அவர் கண் முன்னாலேயே இரண்டு டிஸ்குகளில் பிரதி எடுத்து, இரண்டிலும் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். பிறகு பையை இறக்கி வைத்தேன்.