நீச்சலுக்கு வாங்கிய பஞ்சு

எண்பதுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூருக்கு வடக்கே புந்தோங்கில் எங்கள் வீட்டு வரிசையில் எந்த வீட்டுப் பெண் எப்போது விலக்காகிறாள் என்பது ஊருக்கே தெரிந்த சேதி. தைப்பூசம் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். பாதி வீடுகளில் காவடி விரதம் நடக்கும், விரத வீட்டுக்குள் தீட்டுக்காரி இருக்கக்கூடாது. அவளை எங்கே அனுப்புவது? வரிசையின் கடைசி வீட்டில் ஒரு கிறிஸ்தவ அக்கா இருந்தார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவருக்கு எங்கள் விரதமும் கிடையாது, எங்கள் தீட்டும் கிடையாது. ஆகவே விலக்கான பெண்கள் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர் வீட்டு முன்னறைக்குப் போய்விடுவோம். "வாங்க, வாங்க. இது வீடு இல்ல, தீட்டு ஹோட்டல் லா," என்று அவர் கதவைத் திறந்துவிடுவார். எங்கள் அம்மாமார்கள் அவரிடம் நன்றி சொல்வார்கள், ஆனால் அவர் கொடுத்த தேநீரைக் குடிக்க மாட்டார்கள்.

நாங்கள் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் அப்பா பால்மரம் சீவும் கத்தியை எறிந்துவிட்டு, சிம்பாங் பூலாயில் மலையை வெடி வைத்துக் கல்லுடைக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுக்கு வரும்போது புருவம் வரை வெள்ளையாக இருக்கும். கொஞ்ச வருஷத்தில் அந்தத் தூசி உள்ளேயும் போய்ப் படிந்துவிட்டது. படி ஏறினால் இருமல், சிரித்தால் இருமல். கிளினிக்கில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. அம்மா முருகனிடம் நேர்ந்துகொண்டாள்: அப்பாவுக்கு மூச்சு திரும்ப வேண்டும், மூன்று வருஷம் காவடி எடுப்பார். முதல் வருஷம் எடுத்தபின் அப்பா கொஞ்சம் தேறியது உண்மை. அந்த மாதங்களில் வேலைக்குப் போகாமல் ஓய்வில் இருந்தார் என்பதும் உண்மைதான். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வருஷ விரதம் தொடங்கியபோது எங்கள் வீட்டில் எல்லாருடைய உயிரும் சாமி மாடத்து விளக்கிலேயே இருந்தது.

எனக்கு இன்னொரு இடத்திலும் உயிர் இருந்தது. நான் நீந்துவேன். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன், பள்ளியில் என்னைவிட வேகமாக நீந்த ஆளில்லை. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு தைப்பூசத்துக்குச் சில நாட்கள் முன்னால் வந்தது. அதில் எடுபட்டால் கோலாலம்பூரில் தங்கிப் பயிற்சி பெறலாம், பிறகு விளையாட்டு ஆசிரியையாகலாம் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். அந்த வயதில் எனக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததாக நினைவில்லை.

சிக்கல் என்னவென்றால், எனக்கு நாள் கணக்குத் தப்பாது. தேர்வு அன்றைக்கு நான் விலக்காகத்தான் இருப்பேன் என்று முன்கூட்டியே தெரியும். அப்போது எங்கள் வீட்டில் பழைய கைலித் துணிதான். பள்ளிக்கு மட்டும் இடுப்புப் பட்டையில் மாட்டும் பேட், சீனர் கடையில் செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். துணி கட்டிக்கொண்டு யாரும் குளத்தில் இறங்க முடியாது. பேடோடு நான் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டேன். முந்தைய வருஷம், பயிற்சியின்போது. பஞ்சு நீரைக் குடித்து ஊதி, பாதிக் குளம் போவதற்குள் கொக்கி கழன்று, அந்தச் சனியன் எனக்கு முன்னால் மிதந்து போனது. பக்கத்துப் பாதையில் ஆண்கள் பள்ளிப் பையன்கள். ஒருவன் அதைத் தள்ளுவதற்கு ஒரு கம்பு எடுத்து வந்தான். அன்றைக்கே செத்துப்போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. டீச்சர் ஒரு துவாலையைக் கொண்டுவந்து என்மேல் போர்த்தி, உடைமாற்றும் அறைக்குக் கூட்டிப்போனார்.

இந்த முறை விரதத்தின் முதல் மாதத்தில் நான் பாயோடு கடைசி வீட்டுக்குப் போனபோது, அக்காவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் மறுநாளே என்னை டவுனில் ஒரு மருந்துக் கடைக்கு அழைத்துப்போனார். சின்னச் சின்னதாக, விரல் அளவுக்கு இறுக்கிச் சுருட்டிய வெள்ளைப் பஞ்சு. ஒரு முனையில் நூல். வெள்ளைக்காரிகள் இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் கடலில் குளிக்கிறார்கள் என்றார். அதில் பெரியது, சிறியது என்று ரகங்கள் இருந்தன. கடைக்காரர் பெரிய பெட்டியை எடுத்து வைத்ததும் அக்கா, "அது நாலு புள்ள பெத்தவளுக்கு. சின்னதக் குடுங்க," என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். நான் சீப்புகள் இருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பயம். "அக்கா, கல்யாணம் ஆகாதவங்க வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்க."

"யாரு சொன்னா? பஞ்சோட ஓடிப்போன பொண்ண நான் ஆஸ்பத்திரியில பார்த்ததே இல்ல லா."

முதல் இரண்டு வீணாயின. உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றால் எதுவும் நடக்காது, மூச்சை விடு, மூச்சை விடு என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அக்கா கத்திக்கொண்டே இருந்தார். மூன்றாவது சரியாக வந்தது. மறுநாள் குளத்தில் இறங்கினேன். ஒன்றுமே தெரியவில்லை. வலி இல்லை, கனம் இல்லை, திரும்பித் திரும்பிப் பார்க்கும் வேலை இல்லை. தண்ணீரும் நானும் மட்டும் இருந்தோம். கரையேறியதும் மறுபடியும் குதித்தேன்.

அக்கா வீட்டில் குரங்குச் சேட்டை செய்யும் பிள்ளைகள் இருந்ததால், மிச்சத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். படம் போட்ட பெட்டியை எறிந்துவிட்டு, பஞ்சுகளை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டில் என் பாடப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். அக்கா கண்ணைச் சிமிட்டி ஒன்று சொன்னார்: "இனிமே நீ சொன்னாத்தான் ஒங்கம்மாவுக்குத் தெரியும். கொல்லையில காயப் போட துணியே இல்ல பாரு." அம்மாவுக்கு என் விலக்கு தெரிவது அந்தத் துணியால்தான். துணி இல்லையென்றால் தீட்டும் இல்லை. நான் நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம்.

மறைக்கவில்லை. அடுத்த மாதம் பள்ளியிலிருந்து திரும்பும்போதே தெரிந்துவிட்டது. நேராக வீட்டு வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்பாவின் மூச்சோடு விளையாட எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு நான் பொய் சொல்லி வீட்டுக்குள் நடந்து போயிருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

"உள்ள வராத பாப்பா. அப்படியே அக்கா வீட்டுக்குப் போ. துணிமணி நான் கொண்டாந்து தாரேன்," என்றாள் அம்மா. பஞ்சு வைத்த பையை எடுத்துத் தரச் சொல்ல அங்கே வழியில்லை. அப்பா உள்ளே சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கேட்டுக்கொள்ளலாம், தேர்வு அதற்கும் அடுத்த நாள்தானே என்று போய்விட்டேன்.

விலக்கானவள் போனதும் அவள் இருந்த மூலையைக் கழுவ வேண்டும். அது எங்கள் வழக்கம். அம்மா என் பாயை நனைத்தாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், என் புத்தகங்களை எடுத்து வெயிலில் வைத்தாள். பின்னால் அந்தப் பை இருந்தது. வெள்ளை வெளேரென்ற பஞ்சு, அழகாகச் சுருட்டி, ஒவ்வொன்றும் கண்ணாடித் தாளில் தனித்தனியாக. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, படித்துப் பார்க்க அதில் பெரிதாக எதுவும் எழுதியிருக்கவும் இல்லை. அப்போதுதான் டவுன் கடைகளில் பாக்கெட்டில் போட்ட விளக்குத் திரி வரத் தொடங்கியிருந்தது. அம்மா அதுவரை தொடையில் வைத்து உருட்டித்தான் திரி செய்வாள். மகள் அப்பாவின் விரதத்துக்காக வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அவள் நினைத்தாள். அந்த நூல் எதற்கு? திரியைத் தூண்டிவிடுவதற்கு. அதற்கும் அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் நான் வாசலில் போய் நின்றேன். துணைக்கு அக்காவும் வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அம்மா ஓடி வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. "பாப்பா, நீ வாங்கி வச்ச திரிதான்டி எரியுது. நேத்து ஏத்துனது விடிய விடிய நின்னுச்சு. உங்கப்பாவுக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா?"

உள்ளே பார்த்தேன். சாமி மாடத்தில் இரண்டு விளக்குகளிலும் பஞ்சு எண்ணெயில் ஊறிப் பருத்து, தடித்த சுடராக எரிந்தது. நூல் விளக்கின் மூக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் காவி வேட்டியோடு உட்கார்ந்திருந்த அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். "நல்ல திரி புள்ள," என்றார். அதைச் சொல்லவே அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

நான் சொல்லியிருக்க மாட்டேன். சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் எனக்குப் பின்னால் நின்ற அக்கா சிரித்துவிட்டார். அடக்க முயன்று, வாயைப் பொத்தி, முடியாமல் வெடித்த சிரிப்பு. அவர் கெட்டவர் இல்லை. அந்தக் காட்சியை அந்தப் பஞ்சு தெரிந்த யார் பார்த்திருந்தாலும் சிரித்திருப்பார்கள். அம்மாவின் முகம் மாறியது. "என்ன? என்னான்னு சொல்லு. எதுக்குச் சிரிக்கிற?" என்று அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தீட்டு வீட்டுக்காரியைத் தொடுகிறோம் என்பதைக்கூட மறந்துவிட்டாள். அக்கா அவள் காதில் சொன்னார்.

அம்மா அலறவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு, "மிச்சத்தக் கோயில்ல குடுத்துட்டேனே," என்றாள். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எழுந்து கோயிலுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. அங்கேயும் எல்லாம் ஏற்றியாகிவிட்டது.

"அப்பா, அது புதுசு. யாரும் தொடாதது. வெறும் பஞ்சுப்பா," என்று நான் வாசலிலிருந்தே கெஞ்சினேன்.

அப்பா விளக்கை ஊதவில்லை, சுடரைப் பூவால் அமர்த்தினார். "எதுக்குச் செஞ்ச பஞ்சுன்னு சாமிக்குத் தெரியாதா புள்ள," என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கே கழுத்திலிருந்த விரத மாலையைக் கழற்றினார். அந்த வருஷம் காவடி எடுக்கவில்லை. கேட்டவர்களிடம் உடம்பு முடியவில்லை என்றார். உண்மைக் காரணத்தை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. கோயில் விளக்கில் என்ன எரிந்தது என்று தெரிந்தால் எங்களை அந்த வரிசையிலேயே இருக்க விட்டிருக்க மாட்டார்கள். அக்காவோடு அம்மா அதன்பிறகு பேசவே இல்லை.

மறுநாள் தேர்வுக்கு நான் போனேன். அப்பாதான் போகச் சொன்னார். என்னோடு நீந்தும் ஒரு சீனப் பெண் தன் பையிலிருந்து ஒரு பஞ்சைக் கொடுத்தாள், எதற்குக் கண் வீங்கியிருக்கிறது என்று கேட்கவில்லை. நீந்தினேன். எடுபட்டேன். வீட்டுக்கு வந்து வாசலில் நின்று சொன்னபோது அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "ஒங்கப்பன் மூச்ச நிறுத்திட்டு, நீ மூச்சு புடிச்சு நீந்திட்டு வந்திட்டியா?" என்றாள்.

கோலாலம்பூருக்கு அவள் விடவில்லை. என் நீச்சல் உடையைக் கத்தரித்துத் தரை துடைக்க எடுத்துக்கொண்டாள். அப்பா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவரிடம் மூச்சு மிச்சமில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த தைப்பூசத்துக்கு அவர் இல்லை. நெஞ்சுப் படத்தைக் காட்டி டாக்டர் எனக்கு விளக்கினார். முழுக்கக் கல் தூசி, இதற்கு மருந்தே கிடையாது, எப்போதோ தெரிந்திருக்க வேண்டும் என்றார். நான் அதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு, "டாக்டருக்கு என்ன தெரியும்," என்றாள்.

அந்த விளக்கை ஏற்றியது அவள் கை. அதை அவளால் தாங்க முடியவில்லை. ஆகவே அதை என் தலையில் வைத்தாள். இது எனக்குப் புரிய வெகுகாலம் பிடித்தது, புரிந்த பிறகும் கோபம் குறையவில்லை.

மறு வருஷத்திலிருந்து அம்மா பால்குடம் எடுக்கத் தொடங்கினாள். கால் வீங்கியபோதும் விடவில்லை. அவளுக்கு வேறு ஆள் கிடையாது, அதனால் ஒவ்வொரு வருஷமும் நான்தான் கூடப் போனேன். தார் சூட்டில் அவள் பாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நடப்பேன். பக்கத்தில் வரும் பெண்கள், "என்ன வேண்டுதல் அக்கா?" என்று கேட்பார்கள். "எம்மக செஞ்ச பாவத்துக்கு," என்பாள் அம்மா. பாவம், எந்த மகளோ என்று அவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் போத்தலில் இருந்த மிச்சத் தண்ணீரையும் அவள் காலில் ஊற்றிவிட்டு, அடுத்த பந்தலில் நிரப்பிக்கொள்ள ஓடுவேன்.