அண்ணி கேட்டு வாங்கிய பழைய டிஸ்க்

காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் தகர மூடி கடல்காற்றில் பறந்துவிடாமல் இருக்க, அதன் மேல் ஓர் இரும்பு வட்டு கிடக்கிறது. சோற்றுத் தட்டு அகலம், நடுவில் ஒரு புடைப்பு, உடம்பெல்லாம் துரு. அது ஒரு பழைய காரின் முன்சக்கரத்து பிரேக் டிஸ்க். விளிம்பை நகத்தால் தடவினால் வரப்பு போல ஒன்று தட்டும். அதற்கு உள்ளே உள்ள இரும்பெல்லாம் பிரேக் பிடித்துப் பிடித்தே தேய்ந்தது. அந்த வரப்பை எனக்குக் காட்டியவர் என் அண்ணி.

அண்ணிக்கு நெடுங்காட்டுப் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போய், தன் சம்பளத்தில் அவர் வாங்கியது அந்தச் சின்ன கார். எங்களுக்கு வரும்போதே அதற்கு வயசாகியிருந்தது. ஆனாலும் அண்ணன்கூட அண்ணியைக் கேட்டுத்தான் சாவியை எடுக்க வேண்டும். ஒரு தை மாதக் காலையில் வேலைக்குப் போகும்போது, நெடுங்காட்டுச் சாலையில் எதிரே பஸ் வர, அண்ணி ஓரம் ஒதுங்கினார். முன்னால் ஒரு சைக்கிள். பிரேக்கை மிதித்தார், கார் நிற்கவில்லை. சைக்கிளைத் தட்டி, அதில் போன பெரியவரை வாய்க்காலில் தள்ளிவிட்டது. நல்லவேளை, முழங்கால் அளவு தண்ணீர்தான். சிராய்ப்புக்கு அண்ணியே மருந்து போட்டுவிட்டார்.

அதன் பிறகு அவர் சாவியைத் தொடவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்றார் அண்ணன். “வித்துடலாங்க. ஆனா தப்பு பிரேக் மேலயா, என் மேலயான்னு தெரியணும். என் மேலதான்னா இனிமே எந்த வண்டியும் எனக்கு வேணாம்” என்றார் அண்ணி.

காரைக்காலில் எங்களுக்குத் தெரிந்த பட்டறைக்கு நானும் கூடப் போனேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், டிஸ்க் தேய்ந்துவிட்டது, இதே மாடலில் பெரிய எஞ்சினுக்கு வருகிற அகல டிஸ்க்கைப் போட்டால் பிடி கூடும் என்றார். அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புது டிஸ்க் ஏன் இரண்டு தட்டாக இருக்கிறது? நடுவில் எதற்குச் சந்து? காற்று போய்ச் சூடு ஆறவா? சூடானால் ஏன் பிடிக்காது? “பேஷண்டக்கூட நீங்க இவ்வளவு கேக்கமாட்டீங்க மேடம்” என்று மெக்கானிக் சிரித்தார். வேலை முடிந்ததும் அண்ணி பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றி என் மடியில் வைத்தார். “பாத்துக்குங்க தம்பி, குத்தவாளி இவன்தான்.”

திரும்பும்போது ஓட்டியது அண்ணிதான். கடற்கரைச் சாலையில் ஒரு முறை பிரேக்கை அழுத்திப் பார்த்தார். கார் அப்படியே நின்றது. என் நெற்றி கண்ணாடியில் இடிக்காமல் பெல்ட் காப்பாற்றியது. சைக்கிள் சம்பவத்துக்குப் பிறகு அண்ணி வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதே சூட்டில் நெடுங்காட்டுச் சாலைக்கு வண்டியைத் திருப்பினார்.

அங்கே எதிரே ஒரு டிராக்டர். அண்ணி ஒதுங்கினார். ரோட்டின் அந்தப் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சற்றுத் தூரத்தில் ஓர் அம்மாள் அதைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். அண்ணி பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. சரசரவென்று நெல்லைத் தள்ளிக்கொண்டே போய், அந்த அம்மாள் துள்ளி விலகிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

“ஏம்மா, காய வச்ச நெல்லத் தள்ளிக்கிட்டு வர்றியே, கண்ணு தெரியல?”

அவ்வளவுதான், இனி அண்ணி ஓட்டமாட்டார் என்று நினைத்தேன். அவரோ கீழே இறங்கிப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். சக்கரம் இழுத்த வழியில் நெல் விலகி, தார் இரண்டு கோடாகத் தெரிந்தது. “தம்பி, அன்னைக்கும் இந்த ஓரத்துல நெல்லு காஞ்சிச்சு.”

இத்தனை நாள் பேச்சில் நெல்லை ஒருவரும் சொல்லவில்லை. சைக்கிள் பெரியவரும் சொல்லவில்லை. தை, மாசியில் எங்கள் பக்கம் ரோடு என்றாலே பாதி தார், பாதி நெல். அன்றைக்கு வானம் இருந்தது என்று யாராவது சொல்வார்களா?

“அக்கா, இன்னொரு வாட்டி மெதுவா ஓட்டிப் பாத்துக்கட்டுமா? கலைஞ்சத நானே பரப்பிக் குடுத்துடறேன்” என்று அந்த அம்மாளிடம் கேட்டார் அண்ணி.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், இதற்குப் பைத்தியமா என்று கேட்பதைப் போல. பிறகு அவருக்கே வேடிக்கையாகிவிட்டது. “ஓட்டித் தொல” என்றார். அண்ணி மெதுவாக வந்து, பெடலைத் தொட்டும் தொடாமலும் அழுத்தினார். சறுக்கல் இல்லை. இன்னொரு முறை கொஞ்சம் கூட்டி அழுத்தினார். சக்கரம் இறுகி வழுக்கியது. புது பிரேக் வலுவானது, அதனால் சக்கரத்தைச் சீக்கிரம் இறுக்கியது. நெல்லுக்கு வேண்டியது அந்த வலு இல்லை, முன்னாடியே வேகத்தைக் குறைத்துக்கொள்கிற கால். அது புரிந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அம்மாளின் பலகையை வாங்கி நெல்லைப் பரப்பினார். துடைப்பம் எனக்கு வந்தது. மறுநாள் காரிலேயே வேலைக்குப் போனார். தெரிந்துகொள்ளாமல் விடாத அந்தக் குணத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.

அண்ணி இப்போது மாற்றலாகிப் புதுச்சேரியில் இருக்கிறார். எவ்வளவு மிதித்தாலும் சக்கரத்தை இறுகவிடாத புது கார் வைத்திருக்கிறார். பழையது என்னிடம் ஓடுகிறது. இந்தப் பொங்கலுக்கு வந்தவர் நேராகத் தொட்டியடிக்குப் போனார். டிஸ்க்கை எடுத்து முந்தானையால் துடைத்து, விளிம்பில் நகத்தை ஓட்டினார். “பாவம், உன் மேல பழியப் போட்டுட்டேன்” என்று அதனிடம் சொல்லி, மூடி மேல் பத்திரமாக வைத்தார்.

பிறகு என் பக்கம் கையை நீட்டினார். “சாவியக் குடுங்க தம்பி. நெடுங்காட்டு ரோட்டுல நெல்லு போட்டுட்டாங்களா?”