தேறியிருக்கிறாய் என்று அவர் சொன்ன நாள்

இது நடந்தது போன மாரிக் குளிரில், பாரிஸ் லா சப்பலில். மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஈழத்து ஆட்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒரு மரக்கறிக் கடை. நடந்தது என்று பெரிதாக ஒன்றுமில்லை. கல்லாவில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்து ஒரு வசனம் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்த வசனத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

நான் பிறவியிலேயே மெலிந்தவள். அப்பாவின் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். நன்றாகச் சாப்பிடுவேன். அம்மா புட்டுக்கு மேல் நெய் விடுவார், முட்டை அவித்து வேலைக்குக் கட்டித் தருவார். அது எங்கே போகிறது என்று எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

எதையும் வகை பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். வேலையும் அப்படிப்பட்டதுதான். ஒபர்வில்லியேயின் பெரிய களஞ்சியங்களில் இருக்கிற குளிர் அறைகளுக்குப் போய், வெப்பநிலை காட்டும் கருவிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பரிசோதிக்கிறேன். ஆகவே என் உடம்பைப் பற்றி மற்றவர்கள் சொல்வதையும் மனதுக்குள் வகை பிரித்து வைத்திருந்தேன். முதலாவது எங்கள் ஆட்களின் வகை. கோயில், கலியாண வீடு, பிறந்தநாள் எங்கே கண்டாலும் சுகம் கேட்பதற்குப் பதிலாக “என்ன, மெலிஞ்சு போனாய்” என்பார்கள். இரண்டாவது வேலையிடத்துப் பிரெஞ்சுப் பெண்களின் வகை. நீ அதிர்ஷ்டக்காரி, எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டு என் தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். மூன்றாவது கேள்விகளாக வருவது. பள்ளிக்கூடத்துத் தாதி ஒருமுறை கதவைச் சாத்திவிட்டு, சாப்பிட்ட பிறகு வாந்தி எடுக்கிறாயா என்று மெல்லிய குரலில் கேட்டார். கலியாணம் பேசி வந்த ஒரு வீட்டார் தொலைபேசியில் அம்மாவிடம், “பிள்ளைக்கு ஏதும் நோய் வருத்தம் இருக்கோ” என்று கேட்டார்கள். அன்று அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் பாத்திரம் கழுவினார்.

இவற்றுக்கெல்லாம் நான் கண்டுபிடித்த வழி உடுப்பு. அக்டோபர் தொடங்கினால் மார்ச் வரை எனக்கு நிம்மதி. காற்சட்டைக்குள் தடித்த காலுறை, மேலே இரண்டு கம்பளிச் சட்டை, அதற்கும் மேலே தோள் அகலமான கோட். கண்ணாடியில் பார்த்தால் ஓரளவு ஆள் மாதிரித் தெரிவேன். மெலிந்த பெண்களுக்கு மட்டும் தெரிந்த வேலை இது.

அந்த மரக்கறிக் கடையில் இருந்தவர் அம்மாவின் சிநேகிதி. நாங்கள் கார்ஜ் புறநகரில் இருக்கும் அதே கட்டடத்தில்தான் அவரும் இருக்கிறார். சின்ன வயதிலிருந்து அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுகிறேன். முதல் வகைக்கு அவர்தான் தலைவி. சனிக்கிழமைகளில் நான் கடைக்குள் கால் வைத்தவுடன் கல்லாவிலிருந்து குரல் வரும்.

“வாறா எங்கடை ஈர்க்கில். பிள்ளை, உனக்கு மெத்ரோவிலை ரிக்கெற் தேவையில்லை. கதவு இடுக்காலை உள்ளுக்குப் போயிடலாம்.”

தென்னோலை ஈர்க்குச்சி என்று என்னைச் சொல்வதைக் கேட்டுக் கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரைத் திட்டுவேன். அவருடைய வாயிலிருந்து ஒரே ஒரு நாள், நீ உடம்பு வைத்திருக்கிறாய் என்று வந்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன்.

அதற்கு முந்திய வசந்தகாலத்தில் எங்கள் கட்டடத்தில் ஒரு சாவு நடந்தது. மூன்றாம் மாடியில் இருந்தவர், உணவகத்தில் சமையல் வேலை செய்தவர். குடலில் புற்றுநோய். அவரைப் பார்க்க அம்மாவும் அன்ரியும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறை வாசலில் அன்ரி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“முகத்தை மாத்தாதை. மெலிஞ்சு போனியள் எண்டு வாயைத் திறந்திடாதை, என்ன.”

உள்ளே கட்டிலில் கிடந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணும் பல்லும்தான் அவருடையவை. அன்ரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார்:

“அண்ணை, போன கிழமைக்கு இப்ப நல்லாத் தேறியிருக்கிறியள். முகத்திலை கொஞ்சம் சதை பிடிச்சிருக்கு.”

அவர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். “ஓமோ?” என்று கேட்டார். “ஓம் ஓம்” என்று அம்மாவும் சொன்னார். நானும் தலையாட்டினேன். திரும்பி வரும்போது லிஃப்டின் கதவு மூடியதும் அன்ரி சுவரில் தலையைச் சாய்த்து அழுதார். அன்றைக்குத்தான் எனக்கு எங்கள் ஆட்களின் ஒரு வழக்கம் விளங்கியது. நன்றாக இருப்பவரைப் பார்த்துத்தான் மெலிந்துவிட்டாய் என்று சொல்வார்கள். உண்மையாகவே உருகிப் போனவரின் முன்னால் அந்தச் சொல் யார் வாயிலும் வராது.

அந்த மாரிகாலத்தில் எனக்கு அடிக்கடி களைப்பாக இருந்தது. இரவில் வியர்த்தது. குளிர் அறைக்குள் போய் வருவதால்தான் என்று நினைத்தேன். மெத்ரோ படிக்கட்டில் நடுவில் நிற்க வேண்டி வந்தது. இடுப்புப் பட்டியில் அம்மாவைக் கொண்டு புதிதாக ஒரு ஓட்டை போட்டேன். பட்டி இழுபட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். தினமும் பார்க்கிற அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தாலும், அவர் என்னிடம் சாப்பிடு சாப்பிடு என்று சொல்லாத நாள் எது?

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு குளிர் அறையின் அபாய மணி காரணமில்லாமல் அடிக்கடி அடித்தால், வேலையாட்கள் அதன் வாயில் பசைநாடாவை ஒட்டிவிடுவார்கள். பிறகு உண்மையாகவே குளிர் போய் இறைச்சி பழுதாகும்போது யாருக்கும் கேட்காது. இப்படி ஒட்டியவர்களை நான் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். என் விஷயத்தில் நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனேன். உள்ளே சூடு அதிகம். கோட்டின் பொத்தான்களைத் திறந்துவிட்டு முருங்கைக்காய் பொறுக்கினேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணிடம் அன்ரி, “நீர் இன்னும் ரெண்டு சுத்துப் பெருத்திட்டீர், இனி வாசலை இடிச்சுத்தான் கட்டவேணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “உங்கடை கடைச் சாமானைத் திண்டுதான்” என்று அந்தப் பெண் திருப்பிக் கொடுத்தார். அன்ரியின் வாய் வழக்கம்போலத்தான் இருந்தது.

பிறகு என் முறை வந்தது. அன்ரி நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். ஈர்க்கில் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் பக்கத்தில் இருந்த கறிவேப்பிலைக் கட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். அடுக்கிக்கொண்டே சொன்னார்:

“கொஞ்சம் தேறியிருக்கிறாய் பிள்ளை. முகத்திலை சதை பிடிச்சிருக்கு.”

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. “உண்மையாவோ அன்ரி?” என்று கேட்டேன். “ஓம் ஓம்” என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்குப் பால்பாயசம் காய்ச்சினார். இரண்டு பேரும் குடித்தோம்.

திங்கட்கிழமை ஒரு களஞ்சியத்தில் மேல்மாடிக்குப் போக வேண்டியிருந்தது. சாமான் ஏற்றும் பெரிய லிஃப்டில் தனியாக ஏறினேன். கதவு மூடியது. ஆஸ்பத்திரி லிஃப்டில் சுவரில் தலை சாய்த்து நின்ற அன்ரி ஞாபகத்துக்கு வந்தார். அதற்கு முன்னால் அவர் கட்டிலருகில் இருந்து சொன்னதும் வந்தது. தேறியிருக்கிறியள், முகத்திலை சதை பிடிச்சிருக்கு. எனக்குச் சொன்னதும் அதேதான்.

லிஃப்ட் மேலே போய்க் கதவு திறந்து மறுபடி மூடிக்கொண்டது. நான் இறங்கவில்லை. கையுறையைக் கழற்றிக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். மூன்றாம் மாடிக்காரர் தடவிப் பார்த்ததும் இப்படித்தான்.

அன்று பின்னேரமே வைத்தியரிடம் போனேன். வழக்கமாக எந்த வைத்தியரிடம் போனாலும் அவர் வாய் திறப்பதற்கு முன்னால் நான் பிறவியிலேயே மெலிந்தவள் என்று சொல்லிவிடுவேன். இந்தமுறை அதைச் சொல்லவில்லை. ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். நான் உடம்பு வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார், அதனால் பயந்து வந்தேன் என்று பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒருவர் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். கம்பளிச் சட்டை இரண்டையும் கழற்றச் சொன்னார். அவருடைய விரல்கள் என் கழுத்தின் வலது பக்கத்தில், தோள் எலும்புக்கு மேலே போய் நின்றன. பிறகு அங்கிருந்து அசையவில்லை.

நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய் என்றார்கள். நெஞ்சுக்குள்ளும் இருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார்கள். வசந்தத்திலிருந்து கோடை முடியும் வரை மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் போனது. அம்மா இரவில் என் அறைக்கு வந்து போர்வையைச் சரிசெய்வதுபோல என் கையின் சுற்றளவைத் தன் விரல்களால் அளந்து பார்ப்பார். தூங்குவதுபோலக் கிடப்பேன். பட்டியில் ஓட்டை போட்டது தன் கை என்று அம்மா ஒருமுறை மட்டும் சொன்னார்.

இப்போது மருந்து முடிந்துவிட்டது. ஸ்கான் படங்கள் சுத்தமாக இருக்கின்றன என்கிறார்கள், ஆனால் தொடர்ந்து வந்து காட்ட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மருந்தால் முகம் ஊதி, வாழ்க்கையில் இல்லாத அளவு எடை கூடி, பிறகு அதுவும் இறங்கி, பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். அதாவது பழையபடி ஈர்க்கில்.

அன்ரிக்கு நான் இதுவரை நன்றி சொல்லவில்லை. சொன்னால் அவருடைய பொய்யை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஆகிவிடும். இனிமேல் அவர் போகிற ஆஸ்பத்திரி அறைகளில் அந்தப் பொய் அவருக்குத் தேவைப்படும்.

போன சனிக்கிழமை கடைக்குப் போனேன். வெளியில் குளிர்தான். இருந்தாலும் வேண்டுமென்றே ஒரு மெல்லிய சட்டையோடு, கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கல்லாவுக்கு முன்னால் நின்றேன்.

“நல்லா இருக்கிறாய் பிள்ளை” என்றார் அன்ரி.

“அன்ரி, வடிவாப் பாருங்கோ. நான் மெலிஞ்சு போகேல்லையோ?”

“சீச்சீ. ஆர் சொன்னது? நல்ல வடிவா இருக்கிறாய்.” அவருடைய கை கறிவேப்பிலைக் கட்டைத் தேடிப் போனது.

வைத்தியர்கள் சுகம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது அன்ரி கல்லாவிலிருந்து என்னை ஈர்க்கில் என்று கூப்பிடும் வரைக்கும் எனக்கு அதில் முழு நம்பிக்கை வரப்போவதில்லை. அந்தச் சொல் காதில் விழுமா என்றுதான் சனிக்கிழமைதோறும் கடைக்குப் போகிறேன், இன்னும் விழவில்லை.