அத்தை இரண்டாம் முறை இறந்தபோது

எங்கள் அத்தை இரண்டு முறை இறந்தார். முதல் முறை, அக்கா கல்லூரியில் சேர்ந்த வருடம், நெஞ்சுவலி வந்து உண்மையாகவே இறந்தார். இரண்டாம் முறை அவரைச் சாகடித்தது அம்மா. அதை நான் கூடவே இருந்து பார்த்தேன். அழவும் செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் மலைமேல் நாகலூரில் இருந்தோம். அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். சட்டைப் பையில் பேனா இல்லாமல் சர்ச்சுக்குக்கூட வரமாட்டார். அம்மா கல்யாணத்துக்கு முன் அதே எஸ்டேட்டில் காப்பிக் கொட்டை பொறுக்கியவள். தன் பெயரை எழுதுவாள், பஸ் போர்டைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிப்பாள், அவ்வளவுதான் அவள் படிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுப் புத்தகத்தை ஏதோ ஒரு பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடுவாள்.

அக்கா எங்கள் வீட்டின் பெருமை. மிஷன் பள்ளியில் முதலாவதாக வந்து, சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. முடித்தவள். எனக்கோ படிப்பு ஏறவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கவிழ்த்துவிட்டது. டவுனில் தையல் கிளாசுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தப்பைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாது. "நொம்ப இல்லம்மா, ரொம்ப" என்பாள். "செரி சாமி, ரொம்ப" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே அம்மா நொம்ப என்பாள்.

அப்பாவின் அகராதியில் 'படிச்ச பையன்' என்றால் நல்லவன், அமைதியானவன், கை நீட்டாதவன், குடிக்காதவன் எல்லாம் சேர்ந்து ஒன்று. அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை. இரண்டு எம்.ஏ. படித்து, மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் பையன் அக்காவைப் பார்க்க வருகிறான் என்றதும் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாப்பிள்ளையை ஹாலில் நல்ல நாற்காலியில் உட்கார வைத்தோம். அவர் தலைக்கு நேர் மேலே அத்தையின் போட்டோ. கறுப்புச் சட்டம், பிளாஸ்டிக் மாலை, ஒரு சிவப்பு பல்பு. அடியில் ஸ்டுடியோக்காரர் வெள்ளை எழுத்தில் பிறந்த தேதியும் இறந்த தேதியும் எழுதியிருந்தார். பக்கத்திலேயே சர்ச் காலண்டர். மாப்பிள்ளை பிஸ்கட் பாக்கெட்டில் இருந்த அச்சை எல்லாம் படித்தார். பிறகு திரும்பி, காலண்டரில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை தப்பாக அச்சாகியிருப்பதைக் காட்டினார். அப்பா எழுந்துபோய்ப் பார்த்து, "அட, ஆமாங்க!" என்று பூரித்துப்போனார். அக்காவும் கதவோரம் நின்று சிரித்தாள். தன்னைப்போல ஒருவன் கிடைத்துவிட்டான் என்று நினைத்திருப்பாள், பாவம்.

அவர்கள் போனதும் அம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "ஏனுங்க, அந்தப் பையன் ஊட்டுல யாரு எவருன்னு ஒரு வார்த்தை கேக்கலியே. தலைக்கு மேல இத்தாம் பெரிய போட்டோ தொங்குது, இது யாருன்னு கேட்டானா?"

"காலண்டர்ல தப்பைக் கண்டுபிடிச்சாரே, பாக்கலியா நீ?" என்றார் அப்பா.

"காலண்டரையா கட்டிக் குடுக்கறோம்?"

அம்மா சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. ஃபேனுக்கு நேராகப் படுத்தால் டி.பி. வரும் என்று நம்பியவள் அவள். எக்ஸ்ரே எடுத்தால் ரத்தம் கெட்டுவிடும் என்று ஒரு முறை என்னை ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் இழுத்து வந்தாள். அதனால் அன்று அவள் பேச்சு எடுபடவில்லை. சர்ச்சில் கல்யாணம் நடந்தது. அக்கா மலையிறங்கிப் போனாள்.

அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்கு இருவரும் வந்தார்கள். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாள். யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல வேகமாக அள்ளிப் போட்டாள். எனக்கு அது பசியாகத்தான் தெரிந்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அவர்கள் பஸ் ஏறிய பிறகு சொன்னாள். "உங்கக்காளுக்கு அங்க உக்காந்து சோறு திங்க நேரமில்ல. இல்லாட்டி விடறதில்ல."

ஈஸ்டருக்கு அக்காவை அழைத்து வர அம்மாவே போனாள். விடைத்தாள் திருத்தும் சமயம், வீட்டில் ஆள் வேண்டும் என்று மாப்பிள்ளை அழகான தமிழில் மறுத்துவிட்டார். அடுப்படியில் அக்காவின் மணிக்கட்டு கன்றிப்போயிருந்ததை அம்மா பார்த்திருக்கிறாள். கதவு இடித்துவிட்டது என்றாளாம் அக்கா.

"கதவுக்கு அஞ்சு வெரலு இருக்குதாங்க?" என்று அப்பாவிடம் வந்து கேட்டாள் அம்மா.

"படிச்ச பையன் அப்படியெல்லாம் கை நீட்டமாட்டான். நீயா எதையாவது கற்பனை பண்ணாதே" என்றார் அப்பா. அம்மா பாஸ்டரிடம் போனாள். சபைக்கு முன்னால் கைப்பிடித்தவர்கள், கொஞ்சம் பொறுத்துப்போகச் சொல்லுங்கள் என்றார் அவர். எஸ்டேட் டாக்டரிடம்கூடச் சொல்லிப் பார்த்தாள். அவர் மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்டுவிட்டு, அப்படிப்பட்டவரா என்று ஆச்சரியப்பட்டார். இவ்வளவு படித்தவர்கள் இருந்த மலையில், விரல் தடத்தை விரல் தடம் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில், அப்பா வேலைக்குப் போனதும், அம்மா பழைய சேலையைக் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்ப ஆரம்பித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"கேதம்னு சொல்லப்போறேன். கேதத்துக்குப் போவாதேன்னு எவனும் சொல்ல முடியாது. நீ அழுவோணும். சிரிச்சீன்னா தொலைச்சுப்புடுவேன்."

"யாரு செத்துட்டாங்கன்னு சொல்லுவே?"

"உங்கத்தை."

"அத்தைதான் எப்பவோ செத்துட்டாங்களேம்மா! அவரு அந்தப் போட்டோவுக்குக் கீழயே உக்காந்திருந்தாரே!"

"உக்காந்திருந்தான். பாத்தானா?"

வேறு யாரையாவது சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "உசுரோட இருக்கறவங்களைச் சாவடிச்சா பாவம், கண்ணு. செத்தவங்க இன்னொருக்கா செத்தா அவங்களுக்கு என்ன நட்டம்?" என்றாள். அவரும் கூடவே கிளம்பிவிட்டால் என்று கேட்டேன். "அவனா? காலேசை உட்டுப்போட்டு நம்ம ஊட்டுச் சாவுக்கு வருவானா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அவனைப் பத்திப் பயமில்லை. பயமெல்லாம் உங்கக்காளைப் பத்தித்தான். தப்பைச் சொன்னா அவளுக்குப் பொறுக்காதே."

எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது. அக்கா வாயைத் திறந்து, 'என்னம்மா உளர்றே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் கதி என்ன? மீதி வழியெல்லாம் நான் ஜெபம் செய்துகொண்டு வந்தேன், ஒரு பொய் பலிக்க வேண்டும் என்று.

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. அம்மா வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "கேதமாயிருச்சுங்க மாப்ள! எங்க நாத்தனா போயிட்டாங்க! காலைல எந்திரிச்சவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க!"

கையில் கரண்டியோடு அக்கா ஓடி வந்தாள். "யாரும்மா?"

"உங்கத்தை, கண்ணு. உங்கப்பனோட அக்கா."

"அத்தையா? அவங்கதான்..." என்று ஆரம்பித்து அக்கா நின்றாள். அவள் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற கணவரை, அவர் முகத்தை, உற்றுப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். அது நடிப்பு இல்லை. அவ்வளவு அழுகையை எங்கே வைத்திருந்தாளோ. அதைப் பார்த்த பிறகு நான் சிரமப்பட்டு அழ வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளை ஆழ்ந்த அனுதாபம் என்று சொன்னார். தனக்குக் கல்லூரியில் பரீட்சை வேலை, வர இயலாது என்றார். எப்போது திரும்புவாள் என்று கேட்டார். "காரியமெல்லாம் முடிஞ்சதும் அனுப்பி வெக்கறேனுங்க" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். அக்கா துணி எடுக்க உள்ளே போனபோது அம்மா அவள் காதருகே போய், "உன் படிப்புக் காயிதத்தை எடுத்துக்க சாமி" என்று முணுமுணுத்தாள். அக்கா சேலை மடிப்புக்குள் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அப்பா கொதித்துப்போனார். அக்கா மணிக்கட்டில் இருந்த புதுத் தடத்தை அவரிடம் காட்டவில்லை. அம்மா காட்டச் சொன்னாலும் கையை இழுத்துக்கொண்டாள். அதனால் அப்பாவின் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே குற்றம்தான். செத்துப்போன தன் அக்காவின் பெயரில் அம்மா பொய் சொல்லியிருக்கிறாள். அவர் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பாஸ்டர் வந்து அக்காவுக்குப் புத்தி சொன்னார். அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாக இளகினாள். அவர் கெட்டவர் இல்லை, வேலைப் பளு, நான்தான் எதிர்த்துப் பேசிவிடுகிறேன் என்று தானாகவே காரணம் சொல்ல ஆரம்பித்தாள். கூப்பிட வந்தால் போய்விடுகிறேன் என்றாள். ராத்திரியில் அம்மா தூங்காமல் புரள்வது எனக்குக் கேட்கும்.

மாப்பிள்ளை வருவதாகச் சொல்லியிருந்த அன்று காலையில், அக்கா பெட்டி கட்டி முடித்துவிட்டு நாற்காலி மேல் ஏறி அத்தையின் போட்டோவைக் கழற்றப் போனாள். தேதியைப் படித்துவிட்டால் பொய் வெளிப்பட்டுவிடும், அந்தக் கோபமும் தன்மேல்தான் விழும் என்று அவளுக்குப் பயம். அம்மா அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"அது இருந்த எடத்துலயே இருக்கட்டும்."

"அவர் எல்லாத்தையும் படிப்பார்மா."

"படிக்கட்டும்."

அன்று வெளியே மேகம் இறங்கி, எதிரிலிருந்த காப்பிச் செடிகூடத் தெரியவில்லை. மாப்பிள்ளை அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா எதிரில் நின்றார். நானும் அம்மாவும் அடுப்படி வாசலில். அக்கா தட்டில் காப்பி கொண்டுவந்து, டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் வழக்கம்போல காலண்டரைப் படித்து, "இந்த வருஷமும் அதே தப்பு" என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. அதனால் பேச வேறு ஏதாவது வேண்டுமென்று நினைத்தாரோ என்னவோ, நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டோ அதுக்குள்ள மாட்டிட்டீங்களா?" என்றார்.

அக்கா அப்படியே நின்றாள். அப்பாதான் முதலில் அசைந்தார். நாற்காலிக்குப் பின்னால் போய், அவர் தலைக்கு மேல் கையை நீட்டிப் போட்டோவைக் கழற்றினார். தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்து மாப்பிள்ளையின் மடியில் வைத்தார்.

"படிங்க மாப்பிள்ளை" என்றார். "நீங்க படிச்சவராச்சே. படிங்க."

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு விரலை வெள்ளை எழுத்தின் மேல் வைத்து, "வருஷம் தப்பா எழுதியிருக்காங்க" என்றார்.

அப்பா பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். அக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"தப்பு ஒண்ணும் இல்லைங்க. சரியாத்தான் எழுதியிருக்கு. நீங்க என்னைப் பாக்க வந்த அன்னைக்கும் அது அங்கதான் இருந்துச்சு" என்றாள். "நான் வரலை. நீங்க பஸ்ஸுக்குக் கிளம்புங்க."

அவர் எங்களையெல்லாம் பொய்யர்கள் என்றார். அது உண்மைதான் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் போன பிறகு அப்பா வாசலில் போய் நின்றுகொண்டார், உள்ளே வரவே இல்லை. கட்டிய பெட்டி ஹாலிலேயே கிடந்தது. நாளை சர்ச்சில் என்ன பேசுவார்கள், அக்கா எங்கே வேலை தேடுவாள், எனக்கு இனி யார் பெண் கேட்டு வருவார்கள் என்றெல்லாம் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பஸ்ஸிலும் மாப்பிள்ளை வீட்டு வாசலிலும் அவ்வளவு தைரியமாக இருந்தவள்.

அக்கா போய் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு நொம்பப் பயமா இருக்குதும்மா" என்றாள்.

"எனக்குந்தான் கண்ணு" என்றாள் அம்மா. பிறகு ஒரு தட்டை எடுத்து அவளுக்குச் சோறு போட்டாள்.